நெனப்பு நைனாவுக்கு நான் ரிலீவர்

தனக்கு மண்டை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே, அந்த மண்டைக்கு நாள் தவறாமல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்கு வந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் தலையெழுத்தாக வந்து வாய்த்த நெனப்பு நைனா.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆந்திரா பக்கத்தில் என்பதால் எங்கள் தொழிற்சாலையில் வயதில் மூத்தவர்கள் எல்லோருமே நைனாதான். இவர் எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "இப்ப உன் நெனப்பு எங்க இருக்குது, சொல்லு" என்று கேட்டுக் கேட்டு நெனப்பு நைனா ஆனார். விவரம் தெரியாத புது ஆள் எவனாவது, "ஊட்டாண்ட இருக்குது நைனா, பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டால் தொலைந்தான். "அது நெனப்புல இருக்கற சரக்கு. நான் சரக்க கேக்கல. நெனப்பே எங்க இருக்குது? தலைக்குள்ளயா, தலைக்கு வெளியவா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அவன் கழிவறைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாலும் விடமாட்டார்.

கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அவர் வார்ப்புப் பிரிவில் ஷிப்ட் இன்சார்ஜ். நான் தரப் பிரிவு. அதாவது, அவர் செய்வதையெல்லாம் குறை சொல்ல எனக்குச் சம்பளம். அது போதாதென்று இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். மணவாள நகரில் ஏறினால், பெரியபாளையம் சுற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் ஒரு மனிதன் நன்றாகத் தூங்கி எழலாம். மற்ற கம்பெனி பஸ்களில் தூங்கினார்கள். எங்கள் பஸ்ஸில் நைனா இருந்தார்.

அவருக்கு இந்த வியாதி கைபேசியில் தொற்றியது. உலகத்தில் உள்ள விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் வேலை வெட்டி இல்லாமல் "உணர்வு என்பது என்ன" என்று அடித்துக்கொள்வதை யாரோ தமிழில் வீடியோ போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். இவர் அதைக் காதுக்கருவி இல்லாமல், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி வைத்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், நாங்கள் யாரும் கேட்காத காரியத்தைச் செய்வார். விளக்குவார்.

ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு சீசன் உண்டு. முதலில் வந்தது, எல்லாப் பொருளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் உணர்வு இருக்கிறது என்கிற கொள்கை. கல்லுக்குக் கடுகளவு, எறும்புக்கு மிளகளவு, மனிதனுக்கு மூட்டை. அந்த சீசனில் மூன்றாம் நம்பர் மெஷினை யாரும் காலால் உதைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உதைத்தால்தான் அது ஓடும் என்பது ஊருக்கே தெரியும். உதை வாங்காமல் அது நின்றது. இவர் பக்கத்தில் நின்று, "கோச்சிக்காத, ஓடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒருவன் உதைத்தான், அது ஓடியது. திரும்பி வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, அன்பா சொன்னா கேக்குது" என்றார்.

கேன்டீனில் நான் சாதத்தில் சாம்பாரை ஊற்றினேன். என் கையைத் தடுத்தார்.

"தம்பி, அரிசிக்கு ஒரு பொட்டு நெனப்பு. சாம்பாருக்கு ஒரு பொட்டு நெனப்பு. நீ ரெண்டையும் பிசைஞ்சா ஒரே பெரிய நெனப்பா ஆவுமா, தனித்தனியா நிக்குமா?"

"வயித்துக்குள்ள போனா ஒண்ணாயிடும் நைனா. கைய எடுங்க."

"அங்கதான் பெரிய பெரிய படிப்பாளிங்கெல்லாம் முட்டிக்கினு நிக்கறாங்க. உனக்கு தமாசா கீது."

சாம்பார் ஆறிப்போய் ஆடை கட்டியது. அந்தக் கேன்டீன் சாம்பார் சூடாக இருந்தாலே விழுங்குவது கஷ்டம்.

அடுத்த சீசன் மைக். மூளைக்குள் ஆயிரம் வேலை இருட்டில் நடக்கிறது, அதில் எது மேடை ஏறி மைக்கில் சொல்லப்படுகிறதோ அது மட்டும்தான் உணர்வு என்று ஒரு கொள்கை இருக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நைனாவின் வாயில் விழாமல் இருந்திருந்தால் அந்தக் கொள்கையை நானே மதித்திருப்பேன். அவர் என்ன செய்தார் என்றால், செக்யூரிட்டி அறைக்குப் போய், தொழிற்சாலை முழுவதும் கேட்கிற அறிவிப்பு மைக்கை எடுத்து, "கவனிக்கவும். என் எடது முழங்கால் வலிக்குது" என்றார். தீப்பிடித்தால் மட்டும் பேச வேண்டிய மைக் அது. அலுவலகத்தில் இருந்தவர்கள் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்து வாசலில் கூடி நின்றார்கள். மேலாளர் மூச்சிரைக்கக் கேட்டார், இன்னா ஆச்சு என்று.

"இத்தினி நேரம் என் முழங்கால் வலி எனக்கு மட்டும் தெரியும் சார். இப்ப ஃபேக்டரிக்கே தெரியும். இப்ப இந்த ஃபேக்டரிக்கு முழங்கால் வலிக்குது. அதான் கான்செப்ட்."

மேலாளர் அவரை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். பஸ்ஸில் நாங்கள் ஒரு வாரம் தூங்கினோம்.

இதெல்லாம் அடுத்தவர் தலைவலி என்று நான் விட்டிருப்பேன். சிவப்பு விவகாரத்தில் அவர் என் தலையில் கை வைத்தார். காரின் பின்விளக்குக்கு மூடி செய்துகொண்டிருந்தோம். சாயம் கலந்ததில் கோளாறு, மூடி சிவப்பாக வராமல் ஆரஞ்சாக வந்தது. நான் நிறுத்தச் சொன்னேன். நைனா மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உனக்கு ஆரஞ்சா தெரியுது. எனக்கு செவப்பா தெரியுது. நீ செவப்புன்னு சொல்றப்ப உன் தலைக்குள்ள தெரியற கலரும், நான் சொல்றப்ப என் தலைக்குள்ள தெரியற கலரும் ஒண்ணான்னு ஒலகத்துல எவனாலயும் சொல்ல முடியாது."

"கலர் மீட்டர்ல வச்சி பாத்தாச்சு நைனா. ஃபெயிலு."

"மீட்டரு நம்பர் சொல்லும். செவப்ப அது பாத்துச்சா? பாத்துட்டு, ஆகா செவப்புன்னு தோணிச்சா அதுக்கு?"

நான் கத்த, அவர் அமைதியாக விளக்க, எங்கள் பின்னால் மெஷின் பாட்டுக்கு ஆரஞ்சு மூடிகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்டு வந்த மேலாளர் குவியலைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் எப்டி வேணா தெரியட்டும். கஸ்டமருக்கு ஆரஞ்சாத் தெரியும்" என்றார். அத்தனையையும் அரைத்துத் தூளாக்கினோம். நைனாவுக்கு நான் வைத்திருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தத் தூளோடு மூட்டை கட்டப்பட்டது.

பிறகு ஒரு சீசன், வெளியே நம்மைப் போலவே பேசி, சிரித்து, அழுது, ஆனால் உள்ளே விளக்கே எரியாத மனிதர்கள் இருக்கலாம் என்பது. அப்படிப்பட்ட ஒருவராக மனிதவள மேலாளரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே பஸ்ஸில் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, என் கண்ணுக்குள் எதையோ தேடினார்.

"உன்மேலயும் டவுட்டு கீது தம்பி" என்றார்.

எங்கள் பஸ்ஸில் இவருக்குச் சமமாக வாய் கொடுக்க ஒருவர்தான் இருந்தார், கணக்குப் பிரிவுக்காரர். திருவள்ளூரில் பரம்பரையாகப் பெருமாள் கைங்கர்யம் செய்கிற குடும்பம் என்பதால் அவரைப் பட்டர் என்போம். நைனா அவரிடம், "உங்க பெருமாளு படுத்துக்கினே இருக்காரே, தூங்கறாரா முழிச்சிக்கினு இருக்காரா?" என்று சீண்டினார்.

"அது தூக்கமில்ல நைனா. அறிதுயில். பாத்தா தூங்கற மாதிரி இருக்கும். சகலமும் அவருக்குத் தெரிஞ்சிண்டிருக்கும்."

"நைட் ஷிப்ட்ல நம்ம ஆளுங்க தூங்கறாங்களே, அது?"

"அது வெறும் துயில்."

மீதி வழி முழுவதும் நைனா, அறிதுயில் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இந்த மனிதரை ஏன் வேலையை விட்டுத் துரத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். காரணம் ஒன்று இருந்தது. எங்கள் வார்ப்புப் பிரிவில் மெஷினை நிறுத்தி ஷிப்ட் மாற்ற முடியாது. உள்ளே பிளாஸ்டிக் உருகி ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் உள்ளேயே கருகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு சுரண்டி எடுத்து மாளாது. ஆகவே ஓடுகிற மெஷினை ஓடுகிறபடியே கைமாற்ற வேண்டும். சார்ஜ் கொடுப்பது என்போம், அதற்கு நைனா ஒரு முறை வைத்திருந்தார். போகிறவன் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிலவரம் சொல்ல வேண்டும்: எங்கே எண்ணெய் கசிகிறது, எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், எது பாதியில் நிற்கிறது. அடுத்து வருகிறவனுக்கு ரிலீவர் என்று பெயர். அவனும் உள்ளங்கையை மெஷின் மேல் வைத்து, "எடுத்துக்கினேன்" என்பான். அப்புறம்தான் முதல் ஆள் கையை எடுத்து, "உட்டுட்டேன்" என்பான். நடுவில் ஒரு நொடி இரண்டு கைகளும் சேர்ந்து இருந்தாக வேண்டும். ஒருத்தன், ரிலீவர் கேட் அருகில் வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான். நைனா அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார். "ஆளு தெரிஞ்சா போதுமா? அவன் கை மெஷின் மேல தெரிஞ்சிதா?"

இவர் ஷிப்டில் மெஷின் கருகியதே கிடையாது. அதனால் அவர் மண்டை கருகியதைக் கம்பெனி பொறுத்துக்கொண்டது.

அப்படியிருக்கும்போது அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. நாங்கள் அண்ணி என்று கூப்பிடும் அவர் மனைவி, அமாவாசைக்குப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார். நோய் கரையும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வெல்லம் கரைந்தது, கல் கரையவில்லை. ஒரு நாள் மூன்றாம் நம்பர் மெஷின் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். விழும்போதும் ஒரு கை மெஷின் மேலேயே இருந்ததாகவும், ரிலீவர் வந்து கையை வைத்த பிறகுதான் அவரைத் தூக்க முடிந்ததாகவும் சொன்னார்கள்.

திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், சீழ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, உடனே பித்தப்பையை எடுக்க வேண்டும், உள்ளேயே வெடித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். நைனா சரி என்றார். பிறகு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, கெட்டிக்காரப் பெண், ஆனால் பாவம், உண்மை பேசுகிறவர்.

"ஊசி போட்டதும் நான் எங்கம்மா போறேன்?" என்று நைனா கேட்டார்.

"எங்கயும் போக மாட்டீங்க சார். இங்கயேதான் இருப்பீங்க."

"ஒடம்பு இருக்கும். நான்?"

"மருந்து நினைவ எப்படி நிறுத்துதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது சார். ஆனா நல்லா வேலை செய்யும்."

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அண்ணி எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீங்க ஒருத்தர்தான் அவர மூஞ்சிக்கு நேரா திட்டறவரு. வந்து திட்டுங்க. கஞ்சி கூட உள்ள நிக்கல. எனக்கு பயமா கீது." எத்தனையோ வருடங்களாக நான் ஆசைப்பட்ட வேலை. ஆனால் போய்ப் பார்த்ததும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டிலில் தலையணையை வயிற்றுக்குக் கொடுத்துக் குறுகிக் கிடந்தார். கண்கள் மஞ்சள். தலையில் எண்ணெய் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கல்லுக்கும் மண்ணுக்கும் உணர்வு தேடிய மனிதன் தன் வயிற்று வலியை மட்டும் மதிக்க மாட்டேன் என்கிறானே என்கிற கோபம். "ஊசி போட்டா, அப்பால எழுந்துக்கறது நானா இருக்காது தம்பி" என்றார்.

"ஒளறாதீங்க நைனா. தெனம் தூங்கறீங்க, தெனம் எழுந்துக்கறீங்க. அப்ப எவன் எழுந்துக்கறான்?"

"தூக்கம் வேற தம்பி. தூக்கத்துல மெஷின் ஸ்லோவா ஓடிக்கினு இருக்கும். கொசு கடிச்சா கை போவுதா இல்லியா? உள்ள வாட்ச்மேன் இருக்கான். இந்த ஊசி வாட்ச்மேனையும் ஊட்டுக்கு அனுப்பிடும். முழுசா ஆஃப். அப்பால ஆன் பண்ணா எழுந்துக்கறவன் எவனோ ஒருத்தன். என் நெனப்பெல்லாம் அவனாண்ட இருக்கும், அதனால அவனே அவன நான்னு நம்பிடுவான். என் சட்டைய மாட்டிக்கினு என் பஸ்ல ஏறுவான். உங்க எவனுக்கும் தெரியாது. நான் போனதுக்கு எழவு கூட விழாது."

சமையலறையிலிருந்து அண்ணி சொன்னார்: "வர்றவன் கொஞ்சம் கம்மியா பேசறவனா இருந்தா நான் வோணாம்னா சொல்லப்போறேன்?" சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

நைனா அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. வாயில் வந்ததை நக்கலாகச் சொன்னேன்: "அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஆஃப் பண்ணாதீங்க. ஓடறபடியே எவனாண்டயாவது சார்ஜ் குடுத்துட்டுப் போங்க. திரும்பி வந்து வாங்கிக்கங்க."

நக்கலைப் புரிந்துகொள்கிற நரம்பு அந்த மனிதருக்குப் பிறவியிலேயே கிடையாது. தலையணையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"யாராண்ட குடுக்கறது?"

"அண்ணியாண்ட குடுங்க."

"அவ திருத்திட்டுத்தான் திருப்பித் தருவா."

"பட்டர்?"

"அவரு வாங்கின கையோட பெருமாளாண்ட தள்ளிடுவாரு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எடுத்துக்க. நீ ஒண்ணையும் நம்பாதவன். ஒண்ணையும் மாத்தமாட்ட, உன்னுத எதையும் சேக்கமாட்ட. நல்ல ரிலீவரு அப்டித்தான் இருக்கணும்."

அண்ணி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எவன் சொல்வான்? சரி என்றேன்.

மறுநாள் காலை ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பச்சைத் துணியில் சுற்றிக் கிடந்தவர், தன் உள்ளங்கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, ஷிப்ட் நிலவரம் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"கேட்டுக்க. எடது முழங்கால்ல ஒரு சத்தம் வரும், அதுக்கு பயப்படாத. காதுல எப்பவும் ஒரு ரீங்காரம் கீது, பழசு. உன் அண்ணி மேல ஒரு கோவம் ஓடிக்கினு இருக்குது, கருவாட்ட ஒளிச்சி வச்சிட்டா. அத அணைச்சிடாத, வந்து நான் பாத்துக்கறேன். பொதட்டூர்பேட்டைல பொண்ண குடுத்திருக்கேன், அவள ஒரு நாளைக்கு ஒரு தபா நெனச்சிக்க. சாம்பார் சாதம் மேட்டரு பெண்டிங்."

"அவ்ளோதானா?"

"ஒரு பயம் கீது. புதுசு, இப்பத்தான் ஸ்டார்ட் ஆச்சி. ரொம்ப சத்தமா ஓடுது. அதையும் எடுத்துக்க."

அவர் கையின் பக்கத்தில் என் கையை வைத்தேன். சட்டைக்குள் கோழிக்குஞ்சைப் பிடித்து வைத்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கினேன்" என்றேன்.

என் கை சரியாகப் பதிந்திருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் கையை எடுத்தார். "உட்டுட்டேன்."

நான் இதில் ஒரு துளியும் நம்பவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். ரிலீவர் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வேறு லேசாக வலித்தது. அது அந்த நாற்காலியால் வந்தது. பக்கத்தில் அண்ணி சாமிப் படத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கே தெரியாமல் அவரிடம், "கருவாட்ட ஏன் அண்ணி ஒளிச்சி வச்சீங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"டாக்டரு எண்ணெ, காரம் ஆவாதுன்னாரு" என்றவர், திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களுமா தம்பி?"

சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொன்ன ஆபரேஷன் முடிந்தபாடில்லை. கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். சீழ் உள்ளே பரவியிருந்ததாம். எடுத்துவிட்டார்களாம். ஆனால் உடம்பு தேறும் வரை மயக்கத்திலேயே, மூச்சுக்குக் குழாய் வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும், எப்போது எழுப்புவோம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் ஷிப்ட் முடிந்துவிட்டது, ரிலீவர் வரவில்லை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். சார்ஜ் என்னிடம்தானே இருக்கிறது, நான் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதே எனக்கு அவமானமாக இருந்தது. பஸ்ஸில் அவர் இருக்கை காலி. யாரோ ஒருவன், "இன்னிக்கி பஸ்ஸு அமைதியா கீதுல்ல?" என்றான். அன்று எவனும் தூங்கவில்லை. பெரியபாளையம் தாண்டியதும் பட்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்ப அவருக்கு அறிதுயிலா இருக்கணும்னுதான் வேண்டிண்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். நான், கல்யாணத்தன்று ஒரு முறை மட்டும் பார்த்த, பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்ணை ஒரு தபா நினைத்துக்கொண்டேன். மத்தியானம் கேன்டீனில் சாதத்தைப் பார்த்தேன், சாம்பாரைப் பார்த்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்தச் சனியன் பிடித்த பயம் மட்டும் சொன்னது போலவே சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரை எழுப்பிவிட்டதாக அண்ணியிடமிருந்து போன் வந்தது. ஓடினேன். குழாயை எடுத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. அண்ணி குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்றார். பதில் இல்லை. டாக்டரம்மா கேட்டார். பதில் இல்லை. மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ வேற்று மனிதர் மாதிரி. போனவன் போயே விட்டானா, சட்டையை மாட்டிக்கொள்ள வேறு எவனோதான் வந்திருக்கிறானா என்று நான், ஒண்ணையும் நம்பாத நான், பயந்துபோனேன்.

முன்னால் போய் அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"எடது முழங்கால்ல சத்தம் வந்துது, பயப்படல. காதுல ரீங்காரம் அப்டியே கீது. அண்ணி மேல கோவம் ஓடிக்கினு இருக்குது, அணைக்கல. பொண்ண ஒரு தபா நெனச்சிக்கினேன். சாம்பார் பெண்டிங்."

நான் சொல்லச் சொல்ல கண்கள் மின்விசிறியை விட்டு என் பக்கம் மெல்ல இறங்கின. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அவ்ளோதானா?" என்றார். குரல் காற்றாக வந்தது.

"அவ்ளோதான்" என்றேன்.

ஊசி குத்திய கையைத் தூக்க முடியாமல் தூக்கி, என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "எடுத்துக்கினேன்."

"உட்டுட்டேன் நைனா."

அண்ணியிடம் திரும்பி, "கருவாட்ட ஒளிச்சி வச்சவதானே நீ?" என்றார். அண்ணி அழுதுகொண்டே தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் தெளிவாக இருக்கிறார் என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

இதோடு திருந்தியிருந்தால் இந்தக் கதையை நான் மரியாதையாக முடித்திருப்பேன். பஸ்ஸுக்குத் திரும்பி வந்த முதல் நாளே, "நான் அதே ஆளா, வேற ஆளான்னு டவுட்டு கீது தம்பி. சார்ஜ் சரியா வாங்கினேன். ஆனா வாங்கினவன் யாரு?" என்று ஆரம்பித்தார். அதே ஆள்தான் என்று பஸ்ஸே ஒரே குரலில் சொன்னது. வேறு ஆளாக இருந்தால் இவ்வளவு பேஜாரு பண்ண முடியாது என்பதுதான் எங்கள் சாட்சியம்.

ஓய்வு பெற்று இப்போது பொதட்டூர்பேட்டையில் மகள் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். ஆனால் தொல்லை தூரம் பார்க்காது. தினமும் காலையில் கைபேசியில் குரல் பதிவு ஒன்று வந்துவிடும். "தம்பி, புதுசா ஒரு தியரி" என்று தொடங்கி பெரியபாளையம் தாண்டும் வரை ஓடும். நான் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. அந்த முதல் இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் பார்ப்பேன்.

எப்போதாவது அது வரத் தாமதமாகும். அன்று கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவர் கொடுத்த சாமான்களில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன், பயத்தைத் தவிர. அவர் கேட்கவில்லை, குழாய் எடுத்த கையோடு அதை அவர் தலையில் ஏற்ற எனக்கும் மனம் வரவில்லை. அது என்னிடம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நானே வைத்துக்கொள்கிறேன்.